ஐரோப்பாவில் கூந்தல் எண்ணெயும் சோப்பும் விற்க: சட்டம் கேட்கும் கோப்பைத் தயாரிப்பது எப்படி

பொள்ளாச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ மூலிகை எண்ணெய் காய்ச்சி விற்கிற ஒருவர், சரக்கை ஐரோப்பாவுக்கு அனுப்பலாம் என்று நினைத்ததும் முதலில் கேட்பது, “எந்த அலுவலகத்தில் உரிமம் வாங்க வேண்டும்?” என்பதுதான். கேள்வி இயல்பானது. இந்தியாவில் அழகுசாதனப் பொருள் தயாரிக்க வேண்டுமானால், 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் பெற்றாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படிப்பட்ட அலுவலகமே கிடையாது. அங்கே விற்பனைக்கு முன் எந்த அரசும் உங்கள் எண்ணெயைச் சோதித்து ஒப்புதல் முத்திரை குத்தாது. சட்டப்படி ஒருவர் முன்வந்து, “இப்பொருள் பாதுகாப்பானது, அதற்கான ஆதாரம் இந்தக் கோப்பில் இருக்கிறது” என்று பொறுப்பேற்கிறார். அதிகாரிகள் எந்த நாளிலும் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஆகவே, ஐரோப்பியச் சந்தைக்கான வேலை என்பது பெரும்பாலும் அந்தக் கோப்பைக் கட்டுகிற வேலைதான். இந்த வழிகாட்டி அதை ஒரு மூலிகைக் கூந்தல் எண்ணெயையும் ஒரு தேங்காய் எண்ணெய்ச் சோப்பையும் எடுத்துக்காட்டாக வைத்து விளக்குகிறது.

நடப்பிலுள்ள சட்டம், 1223/2009 என்ற எண் கொண்ட அழகுசாதனப் பொருள் ஒழுங்குமுறை. 2009 நவம்பர் 30 அன்று இயற்றப்பட்ட இது, 1976ஆம் ஆண்டின் பழைய ஆணைக்கு மாற்றாக, 2013 ஜூலை 11 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. உறுப்பு நாடுகள் 27இலும் இதுவே நேரடிச் சட்டம். நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் ஆகிய நாடுகளும் இதைப் பின்பற்றுகின்றன. சிறு உற்பத்தியாளர் என்பதற்காக எந்த விலக்கும் இல்லை. வீட்டுக் கொல்லையில் 50 கட்டி சோப்பு வார்த்தாலும், பெரிய ஆலையில் 5 லட்சம் வார்த்தாலும் கேட்கப்படுவது ஒரே கோப்புதான். அமெரிக்காவில் சோப்புக்கு உள்ள சில தளர்வுகளைப் படித்துவிட்டு, அவை ஐரோப்பாவுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. கண்காட்சியில் வணிக நோக்கில் இலவசமாகக் கொடுக்கும் மாதிரிப் புட்டிக்கும் இச்சட்டம் பொருந்தும்.

முதலில், உங்கள் பொருள் அழகுசாதனமா?

தோல், முடி, நகம், உதடு, வெளிப்புறப் பிறப்புறுப்பு, பல், வாயின் உட்புறம் ஆகியவற்றில், முழுமையாகவோ முதன்மையாகவோ சுத்தம் செய்யவும், மணமூட்டவும், தோற்றத்தை மாற்றவும், பாதுகாக்கவும், நல்ல நிலையில் வைத்திருக்கவும், உடல் நாற்றத்தைச் சரிசெய்யவும் பயன்படுவதே அழகுசாதனம். கூந்தலை மென்மையாக்கும் எண்ணெய் இதற்குள் அடங்கும். அதே எண்ணெயின் புட்டியில் “வழுக்கையில் முடி முளைக்கும்”, “சொரியாசிஸ் குணமாகும்” என்று அச்சிட்டால், உள்ளே இருப்பது மாறாவிட்டாலும் அது மருந்தாகக் கருதப்படும். மருந்துக்கு 2001/83 என்ற வேறு சட்டம் உண்டு. அதற்கு முன் அனுமதி தேவை. சிறு நிறுவனத்தால் அந்தச் செலவைத் தாங்க இயலாது. பேன் ஒழிக்கும் எண்ணெயும் அழகுசாதனம் ஆகாது. கொசுவை விரட்டும் எலுமிச்சைப்புல் தைலம், உயிர்க்கொல்லிப் பொருள்களுக்கான சட்டத்தின் கீழ் வரும். பொடுகுக்கான ஷாம்பு பொதுவாக அழகுசாதனமாகவே ஏற்கப்படுகிறது. ஆனால் பொடுகு ஷாம்புகளில் நெடுங்காலம் பயன்பட்ட ஜிங்க் பைரித்தியோன் 2022 மார்ச் 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது.

இந்திய ஆயுஷ் உரிமம் இந்த இடத்தில் உதவாது; சில வேளைகளில் தடையாகவும் நிற்கும். ஒரே புட்டியில் “ஆயுர்வேத மருந்து” என்ற வாசகத்தையும் உரிம எண்ணையும் வைத்துக்கொண்டு, சுங்கத்துறையிடம் “இது அழகுசாதனம்” என்று வாதிடுவது கடினம். ஐரோப்பாவுக்கெனத் தனி லேபிள் அச்சிடுவதே நல்லது.

பொறுப்பாளரை நியமித்தல்

ஒன்றியத்துக்குள் முகவரி கொண்ட ஒரு பொறுப்பாளர் இல்லாமல் எந்த அழகுசாதனத்தையும் அங்கே சந்தைப்படுத்த முடியாது. தயாரிப்பாளர் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தால், இறக்குமதி செய்பவரே பொறுப்பாளர் ஆகிறார். அவர் எழுத்து மூலம் வேறொருவரிடம் அப்பொறுப்பை ஒப்படைக்கலாம், அவரும் அதை எழுத்து மூலம் ஏற்க வேண்டும். பாரிசின் லா ஷப்பேல் பகுதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் உறவினர் “பெட்டியை அனுப்பு, நான் விற்றுத் தருகிறேன்” என்று சொல்லும்போது, பாதுகாப்பு அறிக்கை, லேபிள், அறிவிப்பு, புகார், திரும்பப் பெறுதல் அனைத்துக்கும் சட்டத்தின் முன் பொறுப்பேற்பவர் தாமே என்பது பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருப்பதில்லை. தெரிந்த பின்னும் அவர் சம்மதித்தால்தான் பெட்டியை அனுப்ப வேண்டும்.

இச்சேவையைக் கட்டணத்துக்குச் செய்யும் நிறுவனங்களும் உள்ளன. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயங்களை ஒப்பந்தத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: கோப்பின் உரிமை யாருக்கு, பாதுகாப்பு அறிக்கைக்கான கட்டணம் தனியா, ஒப்பந்தம் முறிந்தால் புட்டிகளில் ஏற்கெனவே அச்சான முகவரியை என்ன செய்வது. கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. பொறுப்பாளர் மாறினால் லேபிளும் அறிவிப்பும் மாற வேண்டும். பத்தாயிரம் லேபிளை அச்சடித்து வைத்த பிறகு அந்தப் பாடத்தைக் கற்பது வீண் செலவு.

சேர்மானத்தைச் சட்டத்தோடு ஒப்பிடுதல்

லேபிள் வடிவமைப்பாளரிடம் போவதற்கு முன், சேர்மானத்தை ஒழுங்குமுறையின் இணைப்புகளோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். இரண்டாம் இணைப்பு தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியல். அதில் 1,600க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. மூன்றாம் இணைப்பில் அளவுக் கட்டுப்பாட்டுடன் அனுமதிக்கப்பட்டவை இருக்கின்றன. நான்கு, ஐந்து, ஆறாம் இணைப்புகள் முறையே நிறமிகள், பதப்படுத்திகள், புற ஊதாக் கதிர் வடிப்பான்கள் ஆகியவற்றுக்கானவை. இம்மூன்று வகையிலும் பட்டியலில் இல்லாத எதையும் அந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. இணைப்புகள் அடிக்கடி திருத்தப்படுவதால், அன்றைய தேதிக்கு நடப்பிலுள்ள ஒருங்கிணைந்த பதிப்பையே பார்க்க வேண்டும்.

“எல்லாம் இயற்கைப் பொருள்தான்” என்ற சமாதானம் இங்கே செல்லாது. ஊமத்தை இனத்தைச் சேர்ந்த டத்துரா ஸ்ட்ரமோனியமும் அதிலிருந்து செய்யப்படுபவையும் தடைப் பட்டியலில் உள்ளன. ஊமத்தை வகைகளில் காணப்படும் அட்ரோப்பினும் அப்படியே. பொடுகுக்கு ஊமத்தை இலைச் சாறு சேர்த்துக் காய்ச்சும் பழைய கைப்பாகத்தை அப்படியே அனுப்ப முடியாது என்பது இதனால் தெளிவாகும். துளசித் தைலத்தில் இயல்பாகவே இருக்கும் மெத்தில் யூஜினாலுக்கு, கழுவாமல் விடும் பொருள்களில் 0.0002 விழுக்காடும், கழுவிவிடும் பொருள்களில் 0.001 விழுக்காடும்தான் உச்ச வரம்பு. எனவே துளசித் தைலம் வாங்கும்போது, அந்தக் குறிப்பிட்ட தொகுதிக்கான (ஒரே தடவையில் தயாரான சரக்குக்கான) வாயு நிறவரைவியல் பகுப்பாய்வு அறிக்கையை, அதாவது தைலத்தில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் அறிக்கையை, கேட்டுப் பெறுங்கள். அது இல்லாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

நறுமண ஒவ்வாமைப் பொருள்கள் குறித்து 2023 ஜூலையில் வெளியான 2023/1545 ஒழுங்குமுறை, நம் ஊர்ப் பொருள்களை நேரடியாகத் தொடுகிறது. அதற்கு முன் 24 பொருள்களைத்தான் லேபிளில் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியிருந்தது. இப்போது அந்த எண்ணிக்கை 80ஐத் தாண்டிவிட்டது. மல்லிகை, ரோஜா, சந்தனம், கிராம்பு, இலவங்கப்பட்டை, எலுமிச்சைப்புல், யூக்கலிப்டஸ் ஆகியவற்றின் தைலங்களும் அதில் அடக்கம். கழுவாமல் விடும் பொருளில் 0.001 விழுக்காட்டுக்கும், கழுவிவிடும் பொருளில் 0.01 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தால் பெயரை அச்சிட வேண்டும். புதிதாகச் சந்தைக்கு வரும் பொருள்களுக்கு 2026 ஜூலை 31 முதலும், ஏற்கெனவே சந்தையில் உள்ளவற்றுக்கு 2028 ஜூலை 31 முதலும் இது கட்டாயம். இப்போது லேபிள் தயாரிக்கிறவர்கள் புதிய பட்டியலையே பின்பற்றிவிட்டால் இரண்டாம் முறை அச்சிட வேண்டியிருக்காது.

கண் மைக்கும் சிவப்பழகுக் கிரீமுக்கும் தனி எச்சரிக்கை தேவை. ஈயமும் அதன் சேர்மங்களும் தடை செய்யப்பட்டவை. சுர்மா எனப்படும் கல் மையின் அடிப்படையே ஈய சல்பைடு என்பதால், அது எவ்வளவு பாரம்பரியமானதாக இருந்தாலும் ஐரோப்பாவில் விற்க இடமில்லை. நுட்பக் காரணங்களால் தவிர்க்க முடியாத நுண்ணளவு மாசு மட்டும், பொருள் பாதுகாப்பாக இருக்கும் பட்சத்தில், பொறுத்துக்கொள்ளப்படுகிறது. அந்த நுண்ணளவு எவ்வளவு என்பதற்கு ஜெர்மனியின் அரசு அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டு மதிப்புகளைப் பலரும் அளவுகோலாகக் கொள்கிறார்கள்: பொதுவாக ஈயம் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம், கண் மை போன்ற ஒப்பனைப் பொருள்களில் 5 மில்லிகிராம், பாதரசம் 0.1 மில்லிகிராம். பாதரசமும், தோலை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுவினோன் என்ற வேதிப்பொருளும் கலந்த சிவப்பழகுக் கிரீம்கள், ஒன்றியத்தின் ஆபத்துப் பொருள் எச்சரிக்கைத் தளத்தில் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன.

பாதுகாப்பு அறிக்கை

கோப்பின் உயிர் இதுதான். முதலாம் இணைப்பின்படி இதற்கு இரண்டு பகுதிகள் உண்டு: தரவுகளைத் தொகுக்கும் முதல் பகுதி, அவற்றை எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்லும் இரண்டாம் பகுதி. இரண்டாம் பகுதியில் கையெழுத்திடுபவர் மருந்தியல், நச்சியல், மருத்துவம் அல்லது அவை போன்ற துறையில் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். வேறு நாட்டுப் பட்டமானால், ஓர் உறுப்பு நாடு அதைச் சமமானதாக ஏற்றிருக்க வேண்டும். ஊரில் உள்ள வேதியியல் ஆய்வகம் தரும் “பாதுகாப்புச் சான்றிதழ்” இதற்கு ஈடாகாது. அதன் சோதனை முடிவுகள் முதல் பகுதிக்குள் ஆதாரமாக மட்டும் சேரும்.

மதிப்பீட்டாளர் செய்யும் கணக்கைப் புரிந்துகொண்டால், அவர் ஏன் இத்தனை தாள்களைக் கேட்கிறார் என்பது விளங்கும். ஒரு மூலப்பொருளால் தீங்கு தோன்றாத உச்ச அளவை, பயன்படுத்துபவரின் உடலில் நாள்தோறும் சேரக்கூடிய அளவால் வகுக்கிறார். விடை பொதுவாக 100க்குக் குறையக் கூடாது. உடலில் சேரும் அளவுக்கு ஒன்றியத்தின் அறிவியல் குழு நிலையான மதிப்புகளை வைத்திருக்கிறது: உடல் லோஷன் நாளொன்றுக்கு 7.82 கிராம், முகக் கிரீம் 1.54 கிராம், ஷாம்பு 10.46 கிராம். ஷாம்பு கழுவப்பட்டுவிடுவதால் அதில் நூறில் ஒரு பங்கே உடலில் தங்குவதாகக் கொள்கிறார்கள். தலை நிறைய எண்ணெயைத் தேய்த்து, உச்சந்தலையில் ஊறவிட்டு, மறுநாள் வரை அப்படியே விடும் நம் வழக்கம் அவர்களுடைய அட்டவணையில் கச்சிதமாகப் பொருந்தாது. அதனால், எத்தனை மில்லிலிட்டர், வாரத்தில் எத்தனை நாள், கழுவுவதா விடுவதா, குழந்தைக்கும் தேய்ப்பார்களா என்பதை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் எழுதாவிட்டால் அவர் ஊகித்துக்கொள்வார். அந்த ஊகம் உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

மூலிகை எண்ணெயில் பெரும் சிக்கல், மூலிகையை அடையாளப்படுத்துவதில்தான் எழுகிறது. “கரிசலாங்கண்ணி, நெல்லி, வெந்தயம், செம்பருத்தி சேர்த்துக் காய்ச்சியது” என்ற வரி மதிப்பீட்டாளருக்குப் போதாது. தாவரவியல் பெயர், எந்த உறுப்பு, உலர்ந்ததா பச்சையா, எத்தனை கிலோவுக்கு எத்தனை லிட்டர் எண்ணெய், எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம், வடிகட்டியது எப்படி என்பவை தேவை. கூடவே பூச்சிக்கொல்லி எச்சம், கன உலோகம், நுண்ணுயிர் ஆகியவற்றின் சோதனை முடிவுகளும் வேண்டும். ஒவ்வொரு முறையும் கைப்பக்குவத்தில் காய்ச்சுகிறவர்கள், இந்த அளவுகளைத் தாளில் ஏற்றி ஒரே மாதிரி காய்ச்சப் பழகுவதற்கே சில மாதங்கள் ஆகும். பதினாறு மூலிகைகள் கொண்ட எண்ணெயைவிட நான்கு மூலிகைகள் கொண்ட எண்ணெய்க்கு அறிக்கை விரைவில் முடியும், செலவும் குறையும். ஏற்றுமதிக்கெனச் சேர்மானத்தைச் சுருக்குவதில் தவறில்லை.

நுண்ணுயிர் அளவு, பொதுவான பொருள்களில் ஒரு கிராமுக்கு 1,000 எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானவற்றிலும் கண்ணைச் சுற்றிப் பூசுபவற்றிலும் 100ஐத் தாண்டக் கூடாது. நீர் சேர்ந்த கிரீமுக்குப் பதப்படுத்தியின் திறனைக் காட்டும் ஐ.எஸ்.ஓ. (பன்னாட்டுத் தர அமைப்பு) 11930 சோதனை வேண்டும். நீரே இல்லாத எண்ணெய்க்கு, தக்க காரணத்தை எழுதி இதைத் தவிர்க்கலாம். நிலைத்தன்மைச் சோதனைக்குச் சட்டம் ஒரே முறையை விதிக்கவில்லை. 40 பாகை செல்சியஸில் 3 மாதம் வைத்துப் பார்ப்பது பரவலான வழக்கம். தேங்காய் எண்ணெய்க்குக் குளிர்ச் சோதனையும் செய்யுங்கள். ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். ஐரோப்பாவில் ஆண்டின் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கும். ஒடுங்கிய வாய் கொண்ட புட்டியில் உறைந்த எண்ணெயை வைத்துக்கொண்டு வாங்கியவர் விழித்துக்கொண்டிருப்பார். அகன்ற வாய் டப்பாவும், “குளிரில் உறைவது இயல்பு” என்ற ஒரு வரியும் பல புகார்களைத் தவிர்க்கும். சோப்புக்கு, அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். மதிப்பும் எஞ்சிய காரத்தின் அளவும் முக்கியம்.

விலங்குச் சோதனை எந்த வகையிலும் கூடாது. சோதனைத் தடை 2004இலும் 2009இலும் படிப்படியாக வந்தது. அப்படிச் சோதிக்கப்பட்டவற்றை விற்பதற்கான முழுத் தடை 2013 மார்ச் 11 முதல் நடப்பில் உள்ளது.

கோப்பில் இருக்க வேண்டியவை

பொருளின் விவரம், பாதுகாப்பு அறிக்கை, தயாரிப்பு முறையும் நல்லுற்பத்தி நடைமுறையைப் பின்பற்றியதற்கான உறுதிமொழியும், விளம்பர வாசகங்களுக்கான ஆதாரம், விலங்குச் சோதனை குறித்த தகவல் ஆகிய ஐந்தும் தயாரிப்புத் தகவல் கோப்பில் அடங்கும். நல்லுற்பத்திக்கான அளவுகோல் ஐ.எஸ்.ஓ. 22716. சான்றிதழ் வாங்குவது கட்டாயமில்லை. ஆனால் தொகுதிப் பதிவேடு, மூலப்பொருள் வரவு, சுத்தம் செய்த பதிவு, மாதிரி எடுத்து வைத்தல் ஆகியவை உண்மையாகவே நடந்திருக்க வேண்டும். கடைசித் தொகுதி சந்தைக்கு வந்த நாளிலிருந்து 10 ஆண்டுகள், லேபிளில் உள்ள பொறுப்பாளரின் முகவரியில் கோப்பு கிடைக்க வேண்டும். மின்வடிவம் போதும், அந்நாட்டு அதிகாரிகள் எளிதில் புரிந்துகொள்ளும் மொழியில் அது இருக்க வேண்டும்.

லேபிள்

பொறுப்பாளரின் பெயரும் முகவரியும், தயாரான நாடு, நிகர அளவு, காலாவதி, எச்சரிக்கைகள், தொகுதி எண், பொருளின் பயன், சேர்மானப் பட்டியல் ஆகியவை அழியாத எழுத்தில், எளிதில் படிக்கும்படி இருக்க வேண்டும். 30 மாதத்துக்குள் கெடும் பொருளுக்குக் குறித்த தேதியை அச்சிட வேண்டும். அதற்கு மேல் தாங்கும் பொருளுக்கு, திறந்த டப்பா சின்னமும் திறந்த பின் பயன்படுத்தக்கூடிய மாதங்களும் போதும். சோப்பு காயக் காய எடை குறையும் என்பதால் வார்ப்பவர்கள் கவலைப்படுவதுண்டு. சட்டம் கேட்பது பொதியும் நேரத்து எடையையே.

சேர்மானப் பட்டியலில் தமிழ்ப் பெயரோ ஆங்கிலப் பெயரோ செல்லாது. இன்சி எனப்படும் பன்னாட்டுப் பெயர்முறைதான் வேண்டும்: தேங்காய் எண்ணெய் “கோக்கோஸ் நூசிஃபெரா ஆயில்”, அதைக் காரத்தோடு சேர்த்துச் செய்த சோப்பு “சோடியம் கோக்கோயேட்”. எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். ஒரு விழுக்காட்டுக்குக் குறைந்தவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். எச்சரிக்கை, பயன், காலாவதி ஆகியவை விற்கும் நாட்டின் மொழியில் இருக்க வேண்டும்: பிரான்சில் பிரெஞ்சு, ஜெர்மனியில் ஜெர்மன்.

வாசகங்களுக்கு 655/2013 ஒழுங்குமுறை ஆறு அளவுகோல்களை வகுத்திருக்கிறது: சட்டத்துக்கு உட்படுதல், உண்மை, ஆதாரம், நேர்மை, பிற பொருள்களை இழிவுபடுத்தாமை, வாங்குபவர் அறிந்து முடிவெடுக்க உதவுதல். “விலங்குகளில் சோதிக்கப்படவில்லை” என்ற வாசகத்தை மிகவும் கவனமாகக் கையாள வேண்டும். சட்டம் எல்லோருக்கும் விதித்ததைத் தனிச் சிறப்பாகக் காட்டுவது முதல் அளவுகோலுக்கே முரண். “ஐரோப்பிய ஒன்றியத்தால் அங்கீகரிக்கப்பட்டது” என்ற வாசகம் நேரடியாகவே தடை செய்யப்பட்டது. அங்கீகரிப்பவரே இல்லாதபோது அப்படி எழுதுவது பொய்யாகிவிடும் அல்லவா?

அறிவிப்பும் அதற்குப் பின்னும்

எல்லாம் தயாரானதும், முதல் புட்டி சந்தைக்கு வரும் முன், சி.பி.என்.பி. எனப்படும் ஒன்றியத்தின் இணையவாசலில் பொறுப்பாளர் அறிவிக்க வேண்டும். கட்டணம் இல்லை. பொருளின் வகை, பெயர், தயாரான நாடு, முதலில் விற்கும் நாடு, சேர்மான விவரம், லேபிள், பொதியின் படம் ஆகியவற்றைப் பதிவேற்றுவார். இத்தகவல் கண்காணிப்பு அதிகாரிகளுக்கும் நஞ்சுத் தகவல் மையங்களுக்கும் போகும். ஒருமுறை அறிவித்தால் ஒன்றியம் முழுவதற்கும் போதும். கிடைக்கும் எண் வெறும் பதிவு எண். அதைச் சான்றிதழ்போல விளம்பரத்தில் காட்டக் கூடாது.

இணையத்தில் நேரடியாக விற்றாலும் விதி ஒன்றே. 2024 டிசம்பர் 13 முதல் நடப்பிலுள்ள பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குமுறையால், இணையச் சந்தைத் தளங்களும் பொறுப்பாளரின் விவரத்தை முன்கூட்டியே கேட்கத் தொடங்கிவிட்டன. பொதிக் கழிவுக்கான பதிவு தனி. ஜெர்மனியில் லூசிட் பதிவேட்டில் பதியாமல் நுகர்வோருக்கான பொதியை விற்க முடியாது.

விற்ற பின், யாருக்காவது மருத்துவமனையில் சேரும் அளவுக்கோ செயலிழப்பு ஏற்படும் அளவுக்கோ பாதிப்பு நேர்ந்தால், பொறுப்பாளர் தாமதமின்றி அந்நாட்டு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். புகாரை முதலில் கேட்பவர் பெரும்பாலும் கடைக்காரரோ வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் நீங்களோதான் என்பதால், சிறு அரிப்பு என்றாலும் தொகுதி எண்ணோடு எழுதிப் பொறுப்பாளருக்கு அனுப்பும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். மூலப்பொருள் வழங்குநரை மாற்றினாலும், வாசனையை மாற்றினாலும், அனுப்புவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அறிக்கையில் உள்ள எண்ணெயும் புட்டியில் உள்ள எண்ணெயும் ஒன்றாக இருக்கும் வரைதான் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு.

லண்டனில் உள்ள வாடிக்கையாளருக்கு இதே கோப்பு போதுமா என்று பலரும் கேட்கிறார்கள். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டனுக்குத் தனிப் பொறுப்பாளரும், அந்நாட்டு இணையவாசலில் தனி அறிவிப்பும், லேபிளில் பிரிட்டன் முகவரியும் தேவை. வட அயர்லாந்தில் மட்டும் ஒன்றியத்தின் விதிகளே தொடர்கின்றன. பாதுகாப்பு அறிக்கையின் உள்ளடக்கம் பெருமளவு ஒன்றாக இருந்தாலும், இரு சட்டங்களின் இணைப்புகளும் மெல்ல மெல்ல விலகி வருகின்றன. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே மதிப்பீடு கேட்டால் தனித்தனியாகச் செய்வதைவிடச் செலவு குறையும். சுவிட்சர்லாந்துக்கும் சொந்தச் சட்டம் உண்டு. ஒன்றியத்துக்கான அறிவிப்பை வைத்துக்கொண்டு ஜூரிச்சுக்குப் பெட்டி அனுப்புவதற்கு முன், அங்குள்ள இறக்குமதியாளரிடம் லேபிளைக் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.